திருப்பிப் பார்த்து வாங்குவது: மேய்ச்சல் குடிகளின் பழைய நெசவுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் பழைய கம்பளம் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வரவேற்பறையை அளப்பார்கள். எட்டடிக்குப் பத்தடி, சோபாவுக்குப் பொருந்துகிற சிவப்பு என்று போனில் குறித்துக்கொண்டு வருவார்கள். அளவு நாடாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான் சொல்லப்போகும் சரக்கு எந்த அறைக்காகவும் நெய்யப்பட்டதல்ல. கல்யாண ஒட்டகத்தின் விலாவில் தொங்கவும், கூடார வாசலை மூடவும், மாவையும் உப்பையும் துணிமணியையும் கட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போகவும் ஈரான், துருக்மேனியா, ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக்கென்று நெய்தவை அவை. முக்கால்வாசி பைகள்தான். பெரிதாக இருந்தால் ஒரு சின்ன மேசையை மூடும். சிறிதாக இருந்தால் மடியில் அடங்கும்.

நான் பழுது பார்க்கிறவள். டர்பனின் துணித் தொழிற்சாலையில் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். மலிவு இறக்குமதி வந்து தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது கை ஊசிக்கு மாறினேன். இன்று வீட்டுக்கே கம்பளங்கள் வருகின்றன. தையல் விழவேண்டிய இடம் பின்பக்கம் என்பதால் நான் எதையும் முதலில் பின்பக்கமாகத்தான் பார்ப்பேன். வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் வந்தால் பாதிப் பணம் மிஞ்சும்.

எங்கே கிடைக்கும்

வீட்டுப் பெரியவர் காலமானபின் சாமான்களை மொத்தமாக ஏலம் விடுவார்கள் இல்லையா, எனக்குப் பிடித்த இடம் அதுதான். கூட்டம் முழுக்க வரவேற்பறையின் பெரிய கம்பளத்தைச் சுற்றி நிற்கும். நீங்கள் கராஜுக்குப் போங்கள். பியானோ ஸ்டூல்மேல் ஆணியடித்திருக்கும் துண்டு, திண்டு உறையாக மாறிவிட்ட பை, நாய்க்குப் போட்டிருக்கும் விரிப்பு. ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லைப் பக்கத்துப் பலூச் குடியினரின் நல்ல நெசவு ஒன்றை நாயின் கூடையிலிருந்துதான் நான் முதலில் கையிலெடுத்தேன். தர்ம காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடைகளிலும் எப்போதாவது அகப்படும். பாகிஸ்தானிகளும் ஆப்கானியரும் நடத்தும் கம்பளக் கடைகளில் விலை கூட. ஆனால் பத்து உருப்படியை விரித்துப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம், தேநீரும் கிடைக்கும். கண் பழகும்வரை அங்கே போய் உட்காருவது நல்லது.

‘பொக்காரா’ என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். புகாரா ஒரு சந்தை நகரம். துருக்மேன் குடிகள் நெய்தது அந்த வழியாக உலகத்துக்குப் போனதால் சரக்குக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டு வீடுகளில் அந்தப் பெயரில் கிடப்பவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானில் விற்பனைக்கென்றே நெய்தவை. துருக்மேன்களின் எட்டுமூலைப் பூக்கள் வரிசையாக இருக்கும், தொட்டால் பட்டுபோல் வழுக்கும். காலடியில் போட நல்ல கம்பளம்தான், சேர்ப்பதற்கான பொருள் அல்ல. வித்தியாசம் தெரிய நுனிக் குஞ்சத்தைப் பாருங்கள். அது தனியாகத் தைத்ததல்ல, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாகிஸ்தான் சரக்கில் அது வெள்ளைப் பருத்தி. மேய்ச்சல் குடிகளின் பழைய நெசவில் பாவு பெரும்பாலும் கம்பளி, சிலசமயம் ஆட்டு மயிர் கலந்தது. பருத்திக்கு அவர்கள் சந்தைக்குப் போகவேண்டும், கம்பளியோ கூடாரத்துக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தது.

சந்தேகம் தீரவில்லை என்றால் உதிர்ந்து கிடக்கும் ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்தவுடன் அணைந்து, விரலில் நசுங்கும் கரியாகும். பருத்தி காகிதம்போல் எரிந்துகொண்டே போகும். “பாய், ஒரு நூல் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் நல்ல கடைக்காரர் சிரித்துக்கொண்டே தருவார். முகம் சுளிப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

பின்பக்கம் என்ன சொல்லும்

பெரும்பாலான மேய்ச்சல் குடிகளின் தறி தரையில் கிடக்கும். இரண்டு மரக்கட்டைகள், அவற்றை இழுத்துப் பிடிக்க நான்கு முளைகள், அவ்வளவுதான். மேய்ச்சல் தீர்ந்து கிளம்பும் நாளில் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததோடு தறியைச் சுருட்டி, மிருகத்தின் முதுகில் ஏற்றுவார்கள். அடுத்த இடத்தில் திரும்ப அடிக்கும்போது இழுப்பு பழையபடி இருக்காது. அதனால் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் வரும், பக்கவாட்டு ஓரம் வளையும். தொழிற்சாலைக் கண்ணுக்கு இது குறை. எங்கள் மேற்பார்வையாளர் பார்த்தால் தூக்கி எறிந்திருப்பார். ஆனால் சேர்ப்பவர் தேடுவது இதைத்தான். கோல் வைத்து வெட்டியதுபோல் நேராக, நாலு மூலையும் கச்சிதமாக இருந்தால் பட்டறைத் தறியில் விற்பனைக்கு நெய்ததாக இருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பியுங்கள்.

அடுத்து நிறப் பட்டைகள். ஒரே நீலம் பாதியில் கொஞ்சம் வெளிறி, பிறகு திரும்ப அடர்த்தியாகும். சின்னச் சின்னப் பானையில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போட்ட கம்பளி அது. வியாபாரிகள் இதற்கு ‘அப்ராஷ்’ என்பார்கள். இப்போது புதுக் கம்பளத்திலும் வேண்டுமென்றே இதைப் போட்டு விற்கிறார்கள், ஆகவே இதை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம்.

முடிச்சு இரண்டு வகை. துருக்கிய முடிச்சில் கம்பளித் துண்டு இரண்டு பாவு நூலையும் கட்டிப் பிடித்து நடுவே வெளிவரும். பாரசீக முடிச்சில் ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதன் அடியில் நுழையும். எந்தக் குடி என்று கண்டுபிடிக்க இது உதவும். யோமுத் துருக்மேன்களிடம் பெரும்பாலும் முதல் வகை, தெக்கே துருக்மேன்களிடமும் பலூச்களிடமும் இரண்டாவது. ஜாஃப் என்னும் குர்துக் குடியினர் முடிச்சை வரிக்கு வரி ஒரு பாவு நூல் தள்ளிப் போடுவார்கள். அதனால் அவர்களுடைய சாய்சதுரங்களின் ஓரம் படிக்கட்டாக ஏறாமல் வழவழவென்று சாய்ந்து ஓடும். பின்பக்கத்தில் அதைப் பார்த்த அன்று நான் வேலையை வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். கிராஃப் காகிதம் இல்லாமல் ஒருத்தி அதை மனசிலேயே எண்ணியிருக்கிறாள்.

முடிச்சு எத்தனை என்று எண்ணி விலை சொல்லும் வியாபாரியைப் பொருட்படுத்தாதீர்கள். அந்தக் கணக்கு நகரத்துப் பட்டறைக் கம்பளத்துக்கு உரியது. முரட்டு முடிச்சுள்ள ஓர் உப்புப் பை, நெருக்கமான முடிச்சுள்ள பெரிய கம்பளத்தைவிட விலை போவதுண்டு.

சாயம்

இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும். மேய்ச்சல் குடிகளின் பழைய நெசவில் அடிப்படை நிறங்கள் சிலவே. சிவப்பு, நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து. நீலம், அவுரியிலிருந்து. மஞ்சள், உள்ளூர்ச் செடிகளிலிருந்து. பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத் தோலும் மாதுளைத் தோலும். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக முக்குவார்கள். சாயமே போடாத கம்பளியிலும் வெள்ளை, ஒட்டக நிறம், கறுப்பு என்று எத்தனையோ உண்டு.

1856இல் வில்லியம் பெர்கின் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் ஃபூக்சின் என்கிற பளீர் மெஜெந்தா வந்தது. மலிவு, வேர் தேடி அலையவேண்டாம். பாரசீக அரசு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சாயங்களுக்குத் தடை போட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. கூடாரங்கள்வரை அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் செய்யவேண்டியது இது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே, மேலே நிற்கும் கம்பளியை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து வேர்வரை பாருங்கள். நுனியில் சாம்பல் பூத்த மங்கல் நிறம், வேரில் கண்ணைக் குத்தும் ஊதாச் சிவப்பு என்றால் அது ஃபூக்சின் போன்ற ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். இயற்கைச் சாயமும் வெளுக்கும், ஆனால் நுனியிலிருந்து வேர்வரை படிப்படியாக அடர்த்தி கூடுமே தவிர நிறமே வேறாகாது. பிறகு பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். நெருப்புபோல் மங்காமல் நிற்கும் ஆரஞ்சு இருக்கிறதா என்று தேடுங்கள். பலூச் நெசவுகளில் அது ஒரு மூலையில் நாலு முடிச்சாக ஒளிந்திருக்கும். அதைப் பார்த்தால் 20ஆம் நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கக்கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் நிமிஷக்கணக்கில் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு ஒட்டினால் வீட்டில் அதைத் தண்ணீரில் போடமுடியாது என்று அர்த்தம். தேய்ந்த இடங்களை ஸ்கெட்ச் பேனாவால் பூசி மறைத்திருந்தாலும் இதே துணியில் அகப்படும். இந்த ஏமாற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கறுப்பையும் அடர்பழுப்பையும் விரல் நுனியால் தடவுங்கள். அந்த நிறங்களுக்கு இரும்பு உப்பு சேர்ப்பார்கள், அது கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகி, சிவப்பும் நீலமும் செதுக்கியதுபோல் எழும்பி நிற்கும். அழகாக இருக்கும் என்பதால் கத்தரிக்கோலால் வெட்டி இதைச் செய்பவர்களும் உண்டு. வெட்டியது ஒரே மட்டத்தில் இருக்கும், அரித்தது மேடும் பள்ளமுமாக இருக்கும். இயற்கையாகவே கறுத்த ஆட்டின் கம்பளி இப்படி அரிக்காது. ஆகவே அரிப்பு இல்லை என்பதற்காகப் புதிது என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

உண்மையாகப் புழங்கிய பை முன்பக்கம் மட்டும் தேயாது. மிருகத்தின் முதுகிலும் கூடாரச் சுவரிலும் உரசிப் பின்பக்க முடிச்சுகளும் தட்டையாகி மினுமினுக்கும். முன்பக்கம் சீராகத் தேய்ந்து பின்பக்கம் சொரசொரவென்று இருந்தால் யாரோ எந்திரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது

பலூச் பாலிஷ்த். நீளவாக்கில் தைத்த சின்னத் தலையணைப் பை. நிறங்கள் இருட்டு: ஆறிய புளிக்குழம்பின் சிவப்பு, நள்ளிரவு நீலம், நடுவில் எங்கோ ஒரு துளி வெள்ளை. கடையின் டியூப்லைட்டில் செத்துக்கிடக்கும், வெயிலில் கொண்டுவந்தால் எழுந்து உட்காரும். அதனால்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள், விலையும் இன்னும் கைக்கு எட்டுகிறது. பலூச் என்று விற்கும் எல்லாமே பலூச்களுடையதல்ல, கொராசானிலும் ஹெராத் பக்கத்திலும் வாழ்ந்த தைமூரி, ஐமாக் போன்ற குடிகளும் அதே பாணியில் நெய்தார்கள். ஆரம்பத்தில் அந்தப் பிரிவினைகளில் தலையை விடவேண்டாம். கம்பளி மினுங்குகிறதா, நீலத்தில் ஆழம் இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

கோர்ஜின் என்பது கழுதையின் முதுகில் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பை. வாயைப் பூட்ட, பின்னிய கயிற்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும். வியாபாரிகள் பல காலமாக இதை இரண்டாக வெட்டி, பூவேலையுள்ள முகத்தை மட்டும் விற்று, வெறும் பட்டை போட்ட பின்பக்கத்தை எறிந்துவிட்டார்கள். பின்பக்கத்தோடு முழுசாகக் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும். நமக்தான் என்கிற உப்புப் பையின் கழுத்து குறுகலாக இருக்கும், உப்பு சிந்தாது, ஆடு தலையை நுழைக்கமுடியாது. வடமேற்கு ஈரானின் ஷாசெவன் குடியினரது சுமாக் பைகளில் முடிச்சே கிடையாது. நிற நூலைப் பாவின்மேல் சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள், பழைய சேலையின் கரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடித்துவிடும்.

துருக்மேன் சரக்கு வேறு உலகம். சுவால் என்னும் பெரிய துணிமணிப் பை, எங்ஸி என்னும் வாசல் விரிப்பு, கல்யாண ஒட்டகத்துக்கு ஜோடியாகக் கட்டும் ஐந்துமூலை அஸ்மாலிக், கூடாரத்தைச் சுற்றிக் கட்டும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளப் பட்டை. 1881 ஜனவரியில் ரஷ்யப் படை துருக்மேன்களின் கியோக் தெபே கோட்டையைப் பிடித்தது, ரயில் பாதை 1888இல் சமர்கந்துவரை போனது. அதற்குப் பிறகு வீட்டுக்காக நெய்தது குறைந்து ரயிலேறப்போவதற்காக நெய்தது கூடிற்று. அதனால் அந்தக் காலத்துக்கு முந்தைய பைகளுக்குச் சேர்ப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கும் முன்பே சிதறிப்போன சாலோர் குடியின் நெசவெல்லாம் லண்டன், ஜெர்மனி ஏலங்களில் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. ஈரானில் அந்தத் திருப்பம் பிற்பாடு வந்தது. ரேசா ஷா ஆட்சியில், குறிப்பாக 1930களில், கஷ்காய் போன்ற குடிகளை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் உட்கார வைத்தார்கள். இடம்பெயர்வது நின்றபின் சுமைப் பைக்கு என்ன வேலை?

ஆகவே “இருநூறு வருஷம் மேடம்” என்பவரிடம் வாதாடாதீர்கள். சந்தையில் நம் கைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் 1870க்கும் 1930க்கும் இடைப்பட்டவை. அதுவே போதுமான வயது. டாங்கியும் ஹெலிகாப்டரும் நெய்த விரிப்புகள் 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததற்குப் பிந்தையவை. அவற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்குப் படுக்கையறைக்குள் டாங்கி வேண்டாம்.

பணம் கொடுக்கும் வரிசை என்று கேட்டால் நான் சொல்வது: முதலில் நிறம், அடுத்து முழுமை, கடைசியில்தான் தேய்மானம். நல்ல சாயமுள்ள கந்தல் பையை வாங்குங்கள், மோசமான சாயமுள்ள புத்தம்புதுப் பையை விடுங்கள்.

டர்பன் காற்றில் வைத்துக் காப்பது

இங்கே கம்பளிக்கு எதிரி இரண்டு, ஈரமும் அந்துப்பூச்சியும். நம் வீடுகளில் அலமாரியில் ஓடும் எல்லாவற்றையும் ஃபிஷ்மாத் என்று சொல்லிவிடுகிறோம். அந்த வெள்ளிப் பூச்சிக்குப் பிடித்தது காகிதமும் கஞ்சியும். கம்பளியைத் தின்பது சிறிய மஞ்சள் நிற அந்துப்பூச்சியின் புழு. பறக்கிற பூச்சி தின்னாது, முட்டையிடும். சோபாவுக்கு அடியில், யாரும் தொடாத இருட்டு மூலையில், அழுக்குப் பட்ட இடத்தில்தான் புழு வளரும். வெள்ளைப் பட்டுக் குழாய்களும், கம்பளியின் நிறத்திலேயே மணல்போல் தூளும் தெரிந்தால் வந்துவிட்டது என்று அறியுங்கள்.

புதிதாக வாங்கிய எதையும் நேரே வீட்டுக்குள் விரிக்காதீர்கள். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, டேப் ஒட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவேண்டாம், திறந்தால் வியர்த்து நனையும். இடையில் மின்வெட்டு வந்து ஃப்ரீசர் இளகிவிட்டால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். மீன் கறிக்கு இடமில்லை என்று வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

ஆயா காலத்து வழக்கப்படி கற்பூரமும் வசம்பும் வைக்கிறார்கள். வாசனை பூச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. கற்பூரத்தைச் சாமிக்கே ஏற்றுங்கள். நாஃப்தலின் உருண்டை மனிதருக்கும் கெடுதல். மாதம் ஒருமுறை எடுத்து, உதறி, இரண்டு பக்கமும் பார்த்து, இடத்தை மாற்றி வைப்பதுதான் காவல். வாக்குவம் போடும்போது குழாயின் வாயில் வலைத்துணி கட்டிக்கொள்ளுங்கள், சுழலும் பிரஷ் கூடாது.

மடிக்கவேண்டாம். அட்டைக் குழாயில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் பூவேலை வெளியே தெரியச் சுருட்டி, இன்னொரு துவைத்த பருத்தித் துணியால் மூடுங்கள். நீண்ட நாள் வைக்கப் பிளாஸ்டிக் ஆகாது, ஜனவரி புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். சுவரில் மாட்ட ஆணி வேண்டாம். பருத்திப் பட்டையில் வெல்க்ரோவைத் தைத்து, அந்தப் பட்டையை நெசவின் மேல் விளிம்பில் கையால் பெரிய தையலாகப் பிடித்து, எதிர்ப்பாதியை மரச்சட்டத்தில் அறைந்து ஒட்டவைக்கலாம். கடல் பக்க ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் வேண்டாம், காலை வெயில் நேரே விழும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது

இது என் பிழைப்புக்கு எதிரான பேச்சு, இருந்தாலும் சொல்கிறேன். பெரும்பாலான பழைய பைகளுக்குப் பழுது வேலை தேவையில்லை. பிரிந்துகொண்டே போகும் முனையை ஓரத் தையலால் நிறுத்தவேண்டும், அறுந்த பக்கவாட்டு விளிம்பைக் கம்பளியால் சுற்றிக் கட்டவேண்டும், கிழிசலுக்கு அடியில் பருத்தித் துணி வைத்துத் தாங்கவேண்டும். அதோடு நிறுத்துங்கள். ஓட்டைக்குள் புது முடிச்சுப் போட்டு நிரப்பினால் அந்த இடம் பத்து வருஷத்தில் வேறு நிறமாக வெளுக்கும், வாங்க வருபவரும் அங்கேதான் முதலில் விரலை வைப்பார். நிரப்பியே ஆகவேண்டிய அரிய உருப்படி என்றால், கிலிம் என்னும் முடிச்சில்லாத தட்டை விரிப்பின் உபயோகமற்ற பழைய துண்டிலிருந்து பிரித்த கம்பளியைத்தான் கேளுங்கள்.

இஸ்திரி போட்டு ஒட்டும் பசைத்துணி, ஃபெவிகால், இரட்டைப் பக்க டேப் எதுவும் கூடாது. அவற்றை உரித்தெடுக்கும் வேலைக்கு நான் கேட்கும் கூலி தையலைவிட அதிகம். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எங்கே எப்போது வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். அந்தக் காகிதத்தின் ஒரு நகலை உங்கள் பெயரோடு பருத்திப் பைக்குள் போட்டுச் சுருளோடு கட்டிவிடுங்கள். பழுது பார்க்கிறவர் எந்த நூலால், எந்த இடத்தில் கைவைத்தார் என்பதையும் அதே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.